தளர்தலும் தளர்த்துதலும்: பழைய காரின் வில்லைக் கழற்றும் முறை



மொழிக்கென அமைந்த சொற்பொழிவு வரிசையில் காரின் வில்லைக் கழற்றும் வேலைக்கு என்ன இடம் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இலக்கியம், இலக்கணம், அகராதி என வரும் தலைப்புகளுக்கு நடுவே இது சற்றுக் கிரீஸ் படிந்த தலைப்புத்தான். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் அரை மதிப்பெண் போகும் இடங்களையே நாம் வகுப்பறையில் பெரிதும் பார்க்கிறோம். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் விரல் போகும் இடமும் உண்டு. அந்த இடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பழைய காரில் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே எஃகாலான வில் ஒன்று இருக்கிறது. அது துருவேறினாலோ, ஒடிந்தாலோ, வலுவிழந்து காரை ஒரு பக்கமாகச் சாய்த்தாலோ, அதைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும். இதில் உள்ள விதி ஒன்றே. வில் தளர்ந்த பின்னரே, அதைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்த வேண்டும். தளர்தல் தன்வினை; தளர்த்துதல் பிறவினை. தொடக்கக் கல்லூரி மாணவர் இவ்விரண்டையும் தேர்வுக்காக மனனம் செய்கிறார். பட்டறையில் நிற்பவருக்கோ, இவ்விரண்டில் எது முன், எது பின் என்பதே முழுப் பாடம். நட்டு தளர்த்தப்பட்டு, அதனால் வில் தளருமானால், அந்தத் தளர்ச்சி ஒரு நொடியின் சிறு கூற்றில் நிகழ்ந்துவிடும். அதற்குள் கையை எடுக்க எவராலும் இயலாது.

சிராங்கூன் வட்டாரத்தில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அமைந்திருக்கும் பேட்டி சாலையிலிருந்து சற்று நடந்தால் ஜாலான் புசார் வந்துவிடும். அங்கும் அதன் கிளைத் தெருக்களிலும் இரும்புக் கடைகளும் கருவிக் கடைகளும் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. இன்னும் சற்றுத் தள்ளி, சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்படும் வரை நடந்தது. வேறெங்கும் கிடைக்காத பழைய உதிரிப் பாகங்களைத் தேடி அங்கே அலைந்தோர் பலர். புக்கிட் தீமாவில் ஃபோர்டு நிறுவனம் 1941இல் திறந்த கார்த் தொழிற்கூடத்தை மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தின் வழியே அறிவார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் சரணடைந்த இடம் அது. ஆனால் போர் முடிந்த பின்னும் அங்கே கார்கள் பூட்டப்பட்டன என்பதும், அவ்வேலை 1980 வரை நீடித்தது என்பதும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

இன்று சிங்கப்பூரில் பழைய கார் வைத்திருப்பது எளிதன்று. வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990இல் நடைமுறைக்கு வந்தது முதல், பத்தாண்டுக்கு மேல் ஒரு காரை வைத்திருக்க வேண்டுமெனில் அதற்குத் தனியே விலை கொடுக்க வேண்டும். குறைந்தது 35 ஆண்டு வயதான வாகனங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் தனித் திட்டம் வைத்திருக்கிறது. அதன்கீழ்ப் பதிவான கார் ஆண்டில் 45 நாள்களுக்கு மேல் சாலையில் ஓடலாகாது. இங்கே ஓர் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஓடாத கார் ஓய்வெடுக்கிறது என்று நாம் கருதுகிறோம். எஞ்சின் ஓய்வெடுக்கலாம், வில்லுக்கு ஓய்வில்லை. 45 நாள் ஓடும் காரின் வில் 365 நாளும் அந்தக் காரின் எடையைச் சுமந்து அமுங்கியே நிற்கிறது. நம் தீவின் ஈரக்காற்று அதன் மேற்பூச்சின் கீறல் வழியே புகுந்து சிறு குழிகளை அரிக்கிறது. அந்தக் குழியில்தான் விரிசல் பிறக்கும். ஆகவே அரிதாக ஓடும் காரின் வில்லையும் ஒரு நாள் கழற்றியாக வேண்டும். அதைக் கழற்றுகிறவர் பெரும்பாலும் விடுமுறை நாளில் வீட்டு முற்றத்தில் வேலை செய்யும் ஆர்வலராகவோ, இக்கால வண்டிகளையே பழகிய இளந்தொழிலாளராகவோ இருப்பார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

"வில்" என்று நான் சொல்லிக்கொண்டே போகிறேன். பாடநூலில் "சுருள்வில்" என்று படிக்கும் மாணவர்கள், அது அண்மையில் யாரோ அமர்ந்து ஆக்கிய கலைச்சொல் என்று நினைப்பதுண்டு. அப்படியன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கட்டை வண்டி ஒன்று, வில்வண்டி ஒன்று என இரண்டு வகை மாட்டுவண்டி இருந்தன. கட்டை வண்டி மூட்டைக்கு, வில்வண்டி மனிதருக்கு. அச்சுக்கும் பெட்டிக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் பொருத்தப்பட்டு, மேடு பள்ளத்தின் அதிர்ச்சியை அவை தாங்கிக்கொண்டதால் அந்தப் பெயர். கார் வருமுன்பே காரின் உறுப்புக்குத் தமிழில் பெயர் அமைந்துவிட்டது. எந்தக் குழுவும் கூடி அதை முடிவு செய்யவில்லை. லாரிப் பட்டறைக்காரர் இன்றும் அதே உறுப்பைக் "கமான் பட்டை" என்கிறார். கமான் பாரசீகச் சொல். அதன் பொருளும் வில்தான். இரண்டு மொழிக்காரரும் ஒரே உறுப்பைப் பார்த்து ஒரே உவமையைக் கண்டிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் "ஸ்பிரிங்" என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் துள்ளுதல், பாய்தல். விட்டால் என்ன செய்யும் என்பதை அது சொல்கிறது. தமிழ்ச் சொல்லோ விடுவதற்கு முந்தைய நிலையைச் சொல்கிறது. வளைந்து, இழுபட்டு, காத்திருக்கும் நிலை அது. வில்லாளிகளிடம் இதற்கு இணைச்சொற்களும் இருந்தன: நாண் ஏற்றுதல், நாண் இறக்குதல். போர் இல்லாத வேளையில் வில்லை நாண் இறக்கி வைப்பார்கள். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அவற்றுள் தானே வளைந்து எய்யும் விற்பொறியும் ஒன்று. அருகில் ஆளின்றி எய்யும் வில் என்பது நம் கற்பனைக்குப் புதியதன்று. காரின் அடியில் அமுங்கியிருக்கும் சுருள்வில் நாண் ஏற்றிய வில். தனியே மேசை மேல் கிடக்கும் சுருள்வில் நாண் இறக்கிய வில். ஒரு மாணவருக்கு இந்தப் பணியின் அபாயத்தை ஒரே தொடரில் உணர்த்த வேண்டுமானால், எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல தொடர் இல்லை: நாணை இறக்காமல் வில்லைக் கழற்றாதே.

உவமை போதாது; அளவும் வேண்டும். அறிவியல் ஆசிரியர்கள் இங்கே இருப்பதால் ஒரு சிறு கணக்குப் போடுவோம். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் வில்லின் விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். தமக்கு முன் பிறர் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்ற எச்சரிக்கை. 1678இல் அவரே புதிரை அவிழ்த்தார். எவ்வளவு நீள்கிறதோ, அதற்கு நேர்விகிதத்தில் விசை என்பதே அதன் கருத்து. அமுங்குதலுக்கும் அதுவே பொருந்தும். ஒரு வில்லை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 40 நியூட்டன் விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை 150 மில்லிமீட்டர் அமுக்கினால் அது 6,000 நியூட்டன் விசையோடு எதிர்த்துத் தள்ளும். ஏறத்தாழ 610 கிலோ எடையை நிறுத்தி வைக்கும் விசை அது. அதனுள் அடங்கிய ஆற்றல் 450 ஜூல். சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் 50 கிலோ அரிசி மூட்டை ஒன்று 92 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து காலில் விழுவதை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய அதே ஆற்றல். மூட்டை விழும்போது கண்ணுக்குத் தெரியும். வில்லோ, சற்றும் அசையாமல் அதைத் தனக்குள் வைத்திருக்கும். நான்கு கிலோ எடையுள்ள ஒரு வில்லில் இந்த ஆற்றல் முழுவதும் பறக்கும் வேகமாக மாறினால், அது மணிக்கு 54 கிலோமீட்டர்; நம் சாலைகளின் பொது வேக வரம்பைவிட அதிகம்.

இந்தக் கணக்கில் ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. ஆற்றல், அமுங்கிய நீளத்தின் இருமடியைப் பொறுத்தது. 150 மில்லிமீட்டர் அமுங்கிய வில்லை 75 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்ல விரியவிட்டால், பாதி அல்ல, முக்கால் பங்கு ஆற்றல் போய்விடும். 450இல் எஞ்சுவது 112 ஜூல் சொச்சமே. அந்த 112 ஜூலும் விரலை நசுக்கப் போதும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வில்லை முழுமையாக விரிய விடுவதே முறை. பெரும்பகுதி போய்விட்டதே என்று அவசரப்படுவது முறையன்று.

இனி ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொள்வோம். நம்மவர்க்கு உரிய கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டைச் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இந்தியாவில் தயாரித்தது. பிரிட்டனில் விற்கப்படாத நான்கு கதவு வடிவம் ஒன்றும் பின்னர்ச் சென்னையில் பிறந்தது. தமிழ்நாட்டில் ஆர்வலர்கள் இன்றும் அவற்றைப் பேணி வருகிறார்கள். அதன் முன்புறத்தில் அதிர்வடக்கியைச் சுற்றிச் சுருள்வில் இருக்கும்; வில்லின் நடுவே அதிர்வடக்கியின் தண்டு மேலேறி, உச்சியில் ஒரு தட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். அந்தத் தட்டை உடலோடு பிணைப்பவை சுற்றிலும் உள்ள மூன்று நட்டுகள். நடுவே, தண்டின் நுனியில், நான்காவதாக ஒரு மைய நட்டு.

எஞ்சின் மூடியைத் திறந்து நின்றால் இந்த நான்கும் ஒன்றாகத் தெரியும். நான்குக்கும் ஏறத்தாழ ஒரே துரு, ஒரே எண்ணெய். ஸ்பேனர் எட்டுவதற்கு எல்லாவற்றையும்விட எளிதாக இருப்பது மைய நட்டு. அமுங்கிய வில்லின் முழு விசையையும் தாங்கி நிற்பதும் அதுவே. சுற்றியுள்ள மூன்றையும் கீழே உள்ள ஒரு போல்ட்டையும் கழற்றினால், வில்லும் அதிர்வடக்கியும் தட்டும் ஒரே கட்டாக, நாண் ஏறியபடியே, கையில் வரும். மைய நட்டைக் காரிலேயே கழற்றத் தொடங்கினாலோ, ஆபத்து. நட்டின் இயல்பு ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அது படிப்படியாக எச்சரிப்பதில்லை. பத்து இழை பிடித்திருந்தாலும் தாங்கும்; கடைசி இழைகள் அறுந்து விடும்வரை தாங்கும். ஆகவே, "இவ்வளவு திருகியும் ஒன்றும் ஆகவில்லையே" என்பது பாதுகாப்புக்குச் சான்றன்று.

முறை இவ்வாறு செல்லும். கார் சமதளத்தில் நிற்க, பின்சக்கரங்களுக்கு அண்டைக்கட்டை கொடுத்து, ஜாக்கியால் உயர்த்தி, அடிச்சட்டத்தின் கீழ் உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்தி, காரை அவற்றின் மேல் இறக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கன்று. பிறகு சக்கரத்தை எடுத்து, முன்சொன்ன மூன்று நட்டுகளையும் கீழ்ப் போல்ட்டையும் நீக்கி, கட்டை முழுதாக வெளியே எடுத்து மேசைக்குக் கொண்டுவர வேண்டும். மைய நட்டுக்கு முறை வருவது இதற்கெல்லாம் பிறகு. அதற்கும் முன், வில் அமுக்கி என்ற கருவி மாட்டப்பட வேண்டும்.

அமுக்கி எளிய கருவி. நீண்ட திருகுதண்டு இரண்டு, ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் கொக்கிகள். இரண்டையும் வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களில், நேர் எதிராக, இயன்றவரை மிகுதியான சுற்றுகளைக் கவ்வுமாறு மாட்ட வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாக நெருங்கினால் வில் வாழைப்பழம்போல் வளைந்து, கொக்கியிலிருந்து நழுவும். ஒரு தண்டைச் சில சுற்று, மற்றதை அதே அளவு சுற்று என மாறி மாறித் திருக வேண்டும். காற்றழுத்தத்தில் வேகமாகச் சுழலும் ஸ்பேனரை இதற்குப் பயன்படுத்தலாகாது. மரை சூடேறித் தேயும், கையும் விசையை உணராது. இழை தேய்ந்த, கொக்கி வளைந்த அமுக்கி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோரை நான் பார்த்திருக்கிறேன். பழைய சாமான்களில் எனக்கும் பிரியம் உண்டு. இந்த ஒரு கருவியை மட்டும் புதிதாக வாங்குங்கள். கயிறு, கம்பி, குழாய்க் கவ்வி ஆகியவற்றைக் கொண்டு வில்லைக் கட்டி வைப்பது தற்கொலைக்கு நிகர். நெருப்பால் வில்லை அறுத்து எடுப்பதும் அவ்வாறே.

எவ்வளவு அமுக்க வேண்டும்? தட்டுக்கும் வில்லுக்கும் இடையே பிடி விட்டுப்போகும் அளவுக்கு. அதை அறிவதற்கு மானி வேண்டா. வில்லைக் கையால் பற்றித் தன் இருக்கையில் திருகிப் பாருங்கள், சிக்கலின்றிச் சுழல்கிறதா? சுழன்றால் மைய நட்டின் மேல் இப்போது விசை இல்லை. வில்லின் விசை அமுக்கிக்கு மாறிவிட்டது. நான் தொடக்கத்தில் சொன்ன தளர்தல் இந்த நிலைதான். இதற்குப் பின்னரே தளர்த்துதல். சுழலாவிட்டால் மைய நட்டில் ஸ்பேனரை வைக்காதீர்கள். இவ்வளவும் செய்யும்போது முகமும் மார்பும் வில்லின் நீள அச்சுக்கு நேரே வரலாகாது. பக்கவாட்டில் நிற்க வேண்டும். விரல்கள் சுற்றுகளுக்கு இடையே நுழையலாகாது. தட்டை எடுத்தபின், அமுக்கியில் அடைபட்ட வில்லை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாகாது. மறுபடியும் மாறி மாறித் திருகி, அது முழுமையாக விரிந்து கொக்கிகள் தாமே விழும்வரை உடனிருக்க வேண்டும்.

கண்ணாடி, கையுறை பற்றி நான் பேசவில்லையே என்று கேட்பீர்கள். அவை வேண்டும்; ஆனால் முதலில் வருபவை அல்ல. 2006 மார்ச் முதல் நடப்பில் உள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் முதன்மைக் கொள்கை, ஆபத்தை அதன் மூலத்திலேயே குறைக்க வேண்டும் என்பது. இங்கே மூலம் வில்லின் அமுக்கம். அதை இறக்காமல் கண்ணாடி மட்டும் அணிந்துகொள்வது, அணை உடையும் என்று தெரிந்தும் குடை வாங்குவதுபோல.

எல்லாக் கார்களிலும் வில் இப்படி அதிர்வடக்கியைச் சூழ்ந்திருப்பதில்லை. பம்பாயின் வாடகைக் கார்களாக நெடுங்காலம் ஓடிய பிரிமியர் பத்மினி போன்றவற்றில், வில் அடிச்சட்டத்துக்கும் கீழ்க்கைக்கும் நடுவே அடைந்து நிற்கும். அத்தகைய அமைப்பில் சிலர் அமுக்கியே இல்லாமல், கீழ்க்கையின் வெளிமுனையில் ஜாக்கியைக் கொடுத்து, மூட்டைப் பிரித்து, ஜாக்கியை மெல்ல இறக்கி வில்லை விரியவிடுவார்கள். அனுபவசாலி செய்தால் நடக்கும். இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. கை நேர்கோட்டில் இறங்குவதில்லை, வட்ட வில்லாக இறங்குகிறது. ஜாக்கியின் தலை நழுவும். அதிர்வடக்கியை முன்கூட்டியே கழற்றிவிட்டால், கை இறங்கும் தூரத்துக்கு எல்லையே இல்லாமல் போகும். மூன்றாவது, காரைப் புதுப்பிப்போர் அடிக்கடி மறப்பது: எஞ்சினை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால், முன்புறத்தில் எடை இல்லை. வில் அமுங்குவதற்குப் பதில் காரையே ஸ்டாண்டிலிருந்து தூக்கிவிடும். ஆகவே எஞ்சின் இருக்கும்போதே இந்த முறையைக் கையாள வேண்டும். அப்போதும் ஒரு சங்கிலியை வில்லுக்குள்ளும் அடிச்சட்டத்திலும் கோத்துத் தளர்வாகப் பூட்டி வைக்க வேண்டும்.

மோரிஸ் மைனரும், மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றி வந்த அம்பாசடரும் வேறு வகை. அவற்றின் முன்புறத்தில் சுருளே கிடையாது. காரின் நீளவாக்கில் ஓர் எஃகுத் தண்டு, முறுக்கப்பட்டு நிற்கிறது. முறுக்குத் தண்டு என்போம். வில்லின் தோற்றமே இல்லாத வில் என்பதால் இதற்கு யாரும் அஞ்சுவதில்லை, அஞ்ச வேண்டும். கையைத் தாங்காமல் மேல் இணைப்பைப் பிரித்தால் கை கீழ்நோக்கி அடிக்கும். கையின் கீழ் ஜாக்கி வைத்து, இணைப்பைப் பிரித்து, தண்டு தன் முறுக்கை முழுதும் விடும்வரை மெல்ல இறக்க வேண்டும். வெளியே எடுத்த தண்டுகளில் இடம், வலம் எழுதி வையுங்கள், மாற்றி மாட்டலாகாது. அவற்றின் மேல் சுத்தியலோ அரமோ படலாகாது, ஒரு கீறலே பின்னாளில் விரிசலாகும். பின்புறத்துப் பட்டைவில்லைப் பற்றி ஒன்று மட்டும்: பட்டைகளை ஒன்றாய்ப் பிணைக்கும் நடுப் போல்ட்டை, இருபுறமும் கவ்வி கொடுக்காமல் கழற்ற வேண்டா.

இவ்வளவையும் எழுத்தில் எப்படித் தருவது? மொழியாசிரியர்களுக்கு உரிய பகுதி இது. ஆங்கிலக் கையேட்டில் ஒரு செயலை முதலில் ஏவிவிட்டு, அதற்கு முன் செய்திருக்க வேண்டியதைப் பின்னால் சொல்லும் தொடர்கள் மிகுதி. அதே வரிசையில் தமிழாக்கினால், "மைய நட்டைக் கழற்றவும், அதற்கு முன் வில்லை அமுக்கியிருக்க வேண்டும்" என்று வரும். மேசையில் அமர்ந்து படிப்பவருக்கு இதில் குறையில்லை. ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் தாளுமாக நிற்பவர், முதல் தொடரை முடித்தவுடன் செயலில் இறங்கிவிடுவார். தமிழின் இயல்பான நடையோ வேறு: "வில்லை அமுக்கி, அது தன் இருக்கையில் சுழல்வதைக் கையால் சோதித்து, பின்னர் மைய நட்டைக் கழற்றுக." வினையெச்சங்கள் காலவரிசையில் நிற்கின்றன, முற்று வினை கடைசியில் வருகிறது. முன்னே செய்ய வேண்டியதை முடிக்காமல் கடைசி வினையைப் படிக்கவே முடியாது. வினையெச்சத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர்கள் இதை வகுப்பில் பயன்படுத்தலாம்.

தமிழே எல்லா இடத்திலும் பாதுகாப்பான மொழி என்று நான் சொல்லவில்லை. எதிர்மறையை நாம் தொடரின் இறுதியில் வைக்கிறோம். "மைய நட்டைக் காரில் இருக்கும்போது கழற்றக் கூடாது" என்ற எச்சரிக்கையில், "கழற்ற" என்பது வரை படித்தவருக்குக் கிடைப்பது கட்டளையின் சாயல். "கூடாது" அடுத்த வரிக்குப் போய்விட்டால் அல்லது கிரீஸ் விரலால் மறைந்துவிட்டால், விளைவு நேர் எதிர். எனவே எச்சரிக்கைகளில் "தொடாதீர்", "ஆபத்து" போன்ற சொல் தலையில் நிற்க வேண்டும். கழற்று, தளர்த்து, நீக்கு, அவிழ் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாக, அழகுக்காக, கையாளவும் கூடாது. கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று நாம் மாணவருக்குச் சொல்கிறோம். செயல்முறைக் குறிப்பில் ஒரே செயலுக்கு ஒரே சொல்லையே எழுத வேண்டும். "தளர்த்துக" என்றால் அரைச் சுற்றுத் திருகி நிறுத்துவது. "கழற்றுக" என்றால் முழுவதும் வெளியே எடுப்பது. இரண்டையும் கலந்து எழுதுபவர், தெரியாமலே ஒருவரின் கையைப் பணயம் வைக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் லாவ் பா சாட் உணவங்காடிக்கு வழிகாட்டும் பலகை ஒன்றில், "சாட்" என்பது "சனி" என்று தமிழில் வந்ததை நினைவுகூர்வீர்கள். நாம் வருந்தினோம், சிரித்தோம், பலகை மாறியது. இயந்திர மொழிபெயர்ப்பிடம் பட்டறைக் குறிப்பைக் கொடுத்தால், நம் வில் சில வேளைகளில் வசந்தமாகவும் நீரூற்றாகவும் திரும்பி வரலாம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவில் கூடும் தமிழகத் தொழிலாளர்களுள் பட்டறைகளில் வேலை செய்வோரும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் "வசந்தத்தை அமுக்கவும்" என்ற தாளைக் கொடுப்பதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. இங்குள்ள மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பள்ளியின் வடிவமைப்பு, தொழில்நுட்ப அறையில் இருக்கும் ஒரே ஒரு கருவியின் பாதுகாப்புக் குறிப்பை எடுத்துத் தமிழில் எழுதிப் பாருங்கள். பின்னர் அதை, அந்தக் கருவியைத் தொட்டறியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் எந்தச் சொல்லில் தயங்குகிறார் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

வில்லைத் திரும்ப மாட்டுவது பற்றிச் சொல்லி முடிக்கிறேன். வரிசை தலைகீழாகும்: புதிய வில்லை அமுக்கி, தட்டைப் பொருத்தி, மைய நட்டை முழுமையாக இறுக்கி, அதன்பின் அமுக்கியை மாறி மாறித் தளர்த்தி எடுத்து, கட்டைக் காரில் ஏற்ற வேண்டும். வில்லின் நுனி, இருக்கையில் அதற்கென உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்து வில்லை மாற்றினால் மறுபக்கத்து வில்லையும் மாற்றுவதே நல்லது. இல்லையேல் கார் சாய்ந்து நிற்கும். கைகளின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கார் ஸ்டாண்டில் தொங்கும்போது இறுதியாக இறுக்க வேண்டா; அப்படி இறுக்கினால், கார் தரையில் இறங்கியவுடன் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். சக்கரங்களை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, சற்று முன்னும் பின்னும் உருட்டி, வில் தன் எடையில் அமர்ந்த பிறகு அவற்றை இறுக்குங்கள்.

வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.